சூதுபவள மணியில் நூலிழைத் துளை: செம்பும் இரும்பும் எடுபடாத கல்லை எப்படிக் குடைந்தார்கள்?

மணிக்கோவை கேட்டது:

கொடுமணல், கீழடி, அரிக்கமேடு அகழாய்வுகளில் கிடைத்த சூதுபவள (கார்னீலியன் என்னும் செந்நிறக் கல்) மணிகள் பற்றி நிறையப் பேசுகிறோம். நிறத்தையும் வணிகத்தையும் விளக்கும் கட்டுரைகள் துளை விஷயத்தில் மட்டும் ஒரு வரியில் நழுவிவிடுகின்றன. கடினத்தன்மையைக் குறிக்கும் மோ அளவுகோலில் சூதுபவளம் 6.5 முதல் 7 வரை. செம்பு 3, தேனிரும்பு 4 அல்லது 5. கல்லைவிட மெத்தென்ற உலோகத்தைக் கொண்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில், மணியின் நட்டநடுவே, நேர்கோட்டில் துளை போட்டிருக்கிறார்கள். எகிப்தில் செய்ததுபோல் "செம்புக் கம்பியும் மணலும்" என்று பொதுவாகச் சொல்லப்படும் பதில் இதற்குப் போதுமா?

வேலையின் வரிசையும் தெரிய வேண்டும். முதலில் மெருகா, முதலில் துளையா? உடைந்த மணி ஒன்று கண்ணில் பட்டால், அது எந்த முறையில் துளைக்கப்பட்டது என்று உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தே சொல்ல முடியுமா? பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு செய்முறை வைக்கும் எண்ணமும் இருக்கிறது. அதற்கு யோசனை இருந்தால் அதுவும் சொல்லுங்கள்.

கல்மேடு பதில்:

துளையிலிருந்து தொடங்கினால் பாதிதான் புரியும். கல் துளையைத் தாங்குமா தாங்காதா என்பது அதற்கு முந்தைய வேலைகளிலேயே முடிவாகிவிடுகிறது. எனவே வரிசையைச் சொல்லிவிடுகிறேன். சிந்துவெளிப் பட்டறைகளான சன்ஹுதாரோ, லோத்தல், தோலாவிரா ஆகிய இடங்களில் கிடைத்த கழிவுகளும், குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் நடக்கும் தொழிலும் ஏறக்குறைய ஒரே வரிசையைத்தான் காட்டுகின்றன.

முதலில் கல்லை உலர்த்துவது. நிலத்திலிருந்து எடுத்த உருண்டைக்கல்லில் நுண்ணிய துளைகளெங்கும் ஈரம் இருக்கும். அதை அப்படியே நெருப்பில் வைத்தால் நீராவி வெளியேற வழியில்லாமல், மேற்பரப்பிலிருந்து வட்ட மூடிகளாகச் சில்லு தெறிக்கும். அகழாய்வுக் கழிவுக் குவியலில் இப்படி மூடி பெயர்ந்த கற்களைக் கண்டால், சூடு அவசரமாக ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதனால் கோடை வெயிலில் நீண்ட நாள் காயவைத்த பிறகுதான் அடுத்த கட்டம்.

அடுத்தது சூடேற்றல். கல்லை நேராகத் தீயில் போடுவதில்லை. மண்சட்டிக்குள் சாம்பலில் புதைத்து, சாணமோ மரத்தூளோ போன்ற மெல்லக் கனலும் எரிபொருளைச் சுற்றிலும் மூட்டி, இரவு முழுக்கச் சூடேற்றி, சட்டியோடு ஆறவிட வேண்டும். சூடு ஏறத்தாழ 300 முதல் 350 டிகிரி செல்சியஸ். இதில் இரண்டு காரியம் நடக்கிறது. கல்லில் உள்ள மஞ்சள் நிற இரும்புச் சேர்மம் நீரை இழந்து சிவப்பு ஹேமடைட்டாக மாறுகிறது. பழுப்பு மஞ்சளாக இருந்த கல் செம்மை பெறுவது இதனால்தான். கூடவே கல் உடையும் தன்மையும் மாறி, செதில்கள் ஒழுங்காகப் பெயர ஆரம்பிக்கும். நிறம் போதவில்லையென்றால் திரும்பத் திரும்பச் சூடேற்றுவார்கள். ஆறுவதற்கு முன் சட்டியைத் திறந்தால் உள்ளே மயிரிழை வெடிப்பு விழும். அது அப்போது கண்ணுக்குத் தெரியாது. துளை பாதி போன பின்புதான் மணி இரண்டாகப் பிளந்து அதைக் காட்டும்.

பிறகு செதில் பெயர்ப்பது. கம்பாத் முறையில் கூரிய இரும்பு முளை ஒன்று தரையில் சாய்வாக நடப்பட்டிருக்கும். கல்லின் விளிம்பை அந்த முனையில் பொருத்தி, எதிர்ப்பக்கத்தில் எருமைக்கொம்புத் தலை வைத்த சிறு சுத்தியால் தட்டுவார்கள். அடி ஒரு பக்கம் விழும், செதில் முளை தொடும் பக்கத்திலிருந்து பெயரும். கொம்பு அதிர்வை வாங்கிக்கொள்வதால் கல் நொறுங்காது. இரும்பு புழக்கத்துக்கு வராத சிந்துவெளியில் இந்த முளை செம்பாக இருந்திருக்கும்.

செதுக்கிய வடிவத்தைக் காடிகள் வெட்டிய மணற்கல்லில் நீர்விட்டுத் தேய்ப்பார்கள். இங்கே முழு வழவழப்புக்குப் போகக் கூடாது. இரு முனைகளும் தட்டையாகி, அச்சு எங்கே ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தேய்த்தால் போதும். உங்கள் வரிசைக் கேள்விக்குப் பதில் இதுதான்: வடிவத் தேய்ப்பு, துளை, மெருகு. மணிகள் அதிகம் உடைவது துளையிடும்போது. மெருகேற்றிய பின் உடைந்தால் அந்த உழைப்பும் சேர்ந்து வீணாகும். போதாததற்கு, வழுக்கும் மேற்பரப்பைக் கிட்டியில் இறுக்கிப் பிடிக்கவும் முடியாது.

கடைசி மெருகுக்குக் கம்பாத்தில் இருந்த பழைய வழி தோல்பை. மணிகள், குருந்தம் (கொரண்டம்) என்னும் கடினக் கல்லின் பொடி, கல்தூள், நீர் எல்லாவற்றையும் பையில் அடைத்து இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பத்து, பதினைந்து நாள் உருட்டுவார்கள். பெரிய நீள்மணிகளை அப்படி உருட்டினால் ஒன்றோடொன்று மோதி முனை சிதையும் என்பதால், அவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் தேய்க்க வேண்டும்.

தமர்வில் பதில்:

மேலே சொன்ன வரிசை சரி. துளையை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் "செம்பும் மணலும்" என்ற பதில் இந்தக் கல்லுக்குப் பொருந்தவே பொருந்தாது.

எகிப்தியர் கருங்கல்லைக் குடைந்தது செம்புக் குழாயையும் குவார்ட்ஸ் மணலையும் வைத்து. அங்கே துளை அகலமானது. மணல் உள்ளே போகவும் அரைபட்ட சேறு வெளியே வரவும் இடமிருக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் துளைக்குள் மணல் இறங்காது. இறங்கினாலும் சூதுபவளமும் அந்த மணலும் ஒரே குவார்ட்ஸ் குடும்பம், கடினத்தன்மையும் கிட்டத்தட்ட ஒன்று. கல் தேயும் வேகத்தைவிட வேகமாகக் கம்பி தேய்ந்து குட்டையாகும். மணலை விட்டுக் குருந்தப்பொடிக்கு மாறினால் கடினம் 9, வெட்டும். ஆனாலும் ஆழம் கூடக் கூடப் பொடி அடிவரை போய்ச் சேராது. சிறு வட்டமணிக்கு ஒப்பேறும், நீள்மணிக்கு ஆகாது.

சிந்துவெளியினர் இதற்குக் கண்ட விடை தனி ரகக் கல்முனை. எர்னஸ்டைட் என்று அதற்கு இன்று பெயர். சன்ஹுதாரோவை 1935-36இல் அகழ்ந்த எர்னஸ்ட் மெக்கேயின் நினைவாக தொல்லியலாளர்கள் ஜோனதன் மார்க் கெனோயரும் மசிமோ விடாலேயும் வைத்த பெயர் அது. நுண்துகள்கள் கொண்ட ஒரு பாறையைச் சூடேற்றிச் செய்த முனை. குவார்ட்ஸ், சிலிமனைட், முல்லைட், ஹேமடைட் ஆகிய கனிமங்கள் எல்லாம் அதில் இறுகியிருக்கும். தோலாவிராவில் இத்தகைய முனைகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்துள்ளன. அதன் வடிவத்தை நின்று பார்க்க வேண்டும். நுனி சற்று அகலம், அதற்கு மேலே இடை ஒடுங்கியிருக்கும். அகன்ற நுனி மட்டுமே கல்லைத் தொடுவதால் உரசல் குறைவு. ஒடுங்கிய இடையைச் சுற்றியுள்ள வெளியில் கல்சேறு தங்கி மேலே ஏறும். நுனியின் நடுவில் சிறு குழி ஒன்றும் இருக்கும். பாதியில் கைவிடப்பட்ட மணியின் துளை அடியில் அந்தக் குழிக்கு ஈடாக ஒரு குமிழ் நிற்பதைக் காணலாம். அந்தக் குமிழ்தான் முனையை நடுவிலேயே நிறுத்தி வைக்கிறது.

கெனோயர் செய்து பார்த்த சோதனைகளில் இந்த முனை ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டர் இறங்கியது. 6 சென்டிமீட்டர் நீள்மணி ஒன்றுக்கு 24 மணி நேரம் நிற்காத துளைப்பு. 13 சென்டிமீட்டர் என்றால் ஐம்பது மணி நேரத்தைத் தாண்டும். கராச்சிக்கு அருகே அல்லாதீனோவில் கிடைத்த இடைக்கச்சையில் இப்படி 36 நீள்மணிகள். அதற்கு அவர் போட்ட கணக்கு 480 வேலைநாளுக்கு மேல். மெசபடோமியாவின் உர் நகர அரச கல்லறைகள் வரை இந்த மணிகள் போயிருக்கின்றன என்றால், அங்கே போன சரக்கின் பெரும்பகுதி கைவினைஞரின் நேரம்தான்.

சங்ககாலத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. கி.மு. முதல் ஆயிரத்தாண்டிலேயே வைரமுனை வந்துவிட்டது. மெல்லிய இரும்புக் கம்பியின் நுனியில் இரு பள்ளம் வெட்டி, பள்ளத்துக்கு ஒன்றாக இரண்டு வைரச் சில்லுகளை வைத்து, சுற்றியுள்ள இரும்பைத் தட்டி இறுக்குவார்கள். இரும்பு கல்லை வெட்டுவதில்லை. வைரத்தைப் பிடித்துச் சுழற்றுவது மட்டுமே அதன் வேலை. மணிக்கோவை, உங்கள் கடினத்தன்மைக் குழப்பம் இங்கே தீர்ந்துவிடும். சில்லுகள் கம்பியின் விளிம்பை விட்டு இம்மியளவு வெளியே நீட்டியிருப்பதால் துளை கம்பியைவிட அகலமாக விழும், கம்பி சிக்காது, நீர் அடிவரை இறங்கும். எர்னஸ்டைட்டுக்கு மணிக்கணக்கு என்றால் இதற்கு நிமிடக்கணக்கு. இரும்பில் பதித்த வைரச் சில்லு எவ்வளவு கடினமான பொருளையும் குடையும் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம எழுத்தாளர் பிளினியும் எழுதியிருக்கிறார்.

துளைக்கும் அமைப்பு இரண்டு காலத்திலும் ஒன்றேதான். பழைய தச்சர்கள் வைத்திருந்த வில் தமரை நினைத்துக்கொள்ளுங்கள். மணி மரக்கிட்டியில் இறுக்கமாக நிற்கும். துளை தொடங்கும் இடத்தில் முதலில் சிறு பள்ளம் கொத்த வேண்டும். அது இல்லையென்றால் முனை வழுக்கி ஓடும். தமர்க்கோலில் வில்நாணை ஒரு சுற்றுச் சுற்றி, கோலின் தலையைச் சிரட்டையால் அமுக்கிப் பிடித்து, வில்லை முன்னும் பின்னும் இழுப்பார்கள். சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். நீர் நின்றால் சேறு இறுகும், முனை சிக்கும், அடுத்த இழுப்பில் முனை முறியும் அல்லது மணி பிளக்கும்.

எப்போதும் இரு பக்கத்திலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே பக்கமாகப் போனால் மறுமுனையில் கடைசி ஒரு மில்லிமீட்டர் தேயாது, கூம்பு வடிவில் பெயர்ந்து விழும். மணியின் வாய் சிதைந்துவிடும். இரு பக்கமும் துளைத்தால் சந்திப்பு உள்ளே மறைந்திருக்கும். சந்திப்பு கொஞ்சம் விலகினால் உள்ளே ஒரு படி விழும், நூலை அறுக்கும், ஆனாலும் மணி மணிதான். அதிகம் விலகினால் இரு துளைகளும் சந்திக்காமலே பக்கத்துப் பக்கமாகக் கடந்து போகும்.

கழிவுக்குவியல் பதில்:

கண்ணால் அடையாளம் காண்பது பற்றி. முழு மணியைவிட உடைந்த மணி பல மடங்கு மதிப்புள்ளது. துளை நெடுக்காகப் பிளந்திருந்தால் 10 மடங்கு உருப்பெருக்கியிலேயே ஓரளவு தெரியும்.

துளைச் சுவரில் சீரான இடைவெளியில் வளையம் வளையமாகக் கோடு ஓடினால் வைரமுனை. சில்லு ஒரே இடத்தில் நிலையாகப் பதிந்து சுழல்வதால் கோடும் சீராக விழுகிறது. முனையில் பதிக்காத தளர்பொடி போட்டுத் துளைத்தால் கோடுகள் கோணல்மாணலாக, சொரசொரப்பாக இருக்கும். பொடி ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறுகிறதல்லவா. எர்னஸ்டைட் துளை கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். தேய்ந்த முனையை எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்ட இடங்களில் அகலம் படிப்படியாகக் குறையும்.

உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் சிலிக்கோனைத் துளைக்குள் செலுத்தி, வரும் அச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் லெனார்ட் கோரெலிக்கும் ஜான் குவின்னெட்டும் இந்த முறையைத்தான் பழைய மணிகளுக்குக் கையாண்டார்கள். தமிழ்நாட்டு மணி என்றாலே வைரமுனை என்று முன்கூட்டியே எழுதிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு மணியின் துளையையும் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும். ஒரே பட்டறையில் மலிவு மணிக்கு ஒரு முறையும் உயர்ந்த மணிக்கு வேறு முறையும் இருக்கலாம்.

கொடுமணல் இந்த விஷயத்தில் நல்ல இடம். நொய்யல் வடகரையில், கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைக்குப் போகும் பெருவழியில் இருக்கிறது. பச்சைக்கல் படியூரிலும் குருந்தம் சிவன்மலையிலும் என இரண்டும் பக்கத்திலேயே. மூலக்கல், செதுக்கிய வடிவம், துளையில் உடைந்தது, முடித்த மணி என எல்லா நிலையும் அங்கே கிடைத்திருப்பதால் தொழில் அங்கேயே நடந்தது என்பதில் ஐயமில்லை. ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் சூதுபவள மணிகள் இருந்தன.

ஒரு எச்சரிக்கை: சிவப்பாக இருப்பதெல்லாம் சூதுபவளம் ஆகாது. அரிக்கமேட்டுச் சிறு சிவப்பு மணிகளில் மிகப்பல கண்ணாடி. குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூட்டில் விளிம்பை மழுக்கியவை. அவற்றில் குமிழிகளும் கோடுகளும் துளைக்கு இணையாக நீண்டு ஓடும். துளை ஆரம்பத்திலிருந்தே இருப்பதால் உள்ளே துளைத்த தடமோ நடுச்சந்திப்போ இருக்காது.

மணிக்கோவை கேட்டது:

மிக்க நன்றி, மூவருக்கும். வெள்ளைக் கோடு போட்ட சூதுபவள மணிகளும் கொடுமணலில் உண்டே, அந்தக் கோடு வண்ணமா செதுக்கலா? செய்முறைக் கேள்வியும் நிற்கிறது.

கல்மேடு பதில்:

இரண்டும் இல்லை. காரத்தால் கல்லின் மேல்தோலையே வெளுக்கவைக்கிறார்கள். சிந்து மாநிலத்துச் செஹ்வானில் அந்த முறை தெரிந்த முதியவர் ஒருவரிடம் கேட்டு மெக்கே 1933இல் பதிவு செய்த முறை இது: கரீல் என்னும் முட்செடியின் இளந்தளிரை அரைத்து, சலவைச் சோடாக் கரைசலில் கலந்து பசையாக்குவது. நாணல் எழுதுகோலால் மெருகேற்றிய மணிமேல் கோடு வரைவது. காயவைத்து, கரிக்கங்குகளால் மூடிச் சில நிமிடம் விசிறுவது. மெல்ல ஆறவிட்டுத் துணியால் தேய்த்தால் வெள்ளைக் கோடு நிற்கும். சூட்டில் சோடா சிலிக்காவை அரித்து மேற்பரப்பில் நுண்துளைகளை உண்டாக்குகிறது. ஒளி அதில் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது.

செடிச்சாறு பசைத்தன்மைக்காக. அது குறைந்தால் கோடு பரவிக் கரை சிதறும். சூடு மிஞ்சினால் கோடு இருந்த இடம் குழியாகிப் பொடிந்துவிடும். பல பழைய மணிகளில் கோட்டுக்குப் பதில் வெறும் பள்ளம் தெரிவது இதனாலோ, மண்ணுக்குள் அந்த நுண்துளைப் பகுதி முதலில் கரைந்ததாலோதான். மெருகு இங்கே மட்டும் கோட்டுக்கு முன்னால் வரும் என்பதைக் கவனியுங்கள். பின்னால் தேய்த்தால் வெள்ளைத் தோல் போய்விடும்.

தமர்வில் பதில்:

செய்முறைக்குச் சூதுபவளம் வேண்டாம். மாக்கல்லில் தொடங்குங்கள். 2 சென்டிமீட்டர் கனத்துண்டு. 30 சென்டிமீட்டர் நீள மூங்கில் கோல். அதன் நுனியில் 3 மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 2 சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி நூலும் அரக்கும் போட்டு இறுக்கியது. முழ நீள வில். கையில் பிடிக்கச் சிரட்டை. கம்பி துளியும் கோணக் கூடாது. கோலைச் சுழற்றிப் பார்த்து, நுனி ஒரே புள்ளியில் நின்றால்தான் கல்லில் வையுங்கள். நாண் தளர்ந்தால் வழுக்கும், மிக இறுகினால் கோல் துள்ளும். அமுக்கம் குறைவாக, இழுப்பு நீளமாக இருக்கட்டும்.

மாக்கல் சில நிமிடத்தில் துளைபடும். அடுத்து அதே கம்பியோடு சலித்த ஈரமணலைச் சேர்த்துப் பளிங்குக் கல்லில் (மார்பிள்) செய்து காட்டுங்கள், மெதுவாக இறங்கும். மூன்றாவதாக, சூதுபவளத்தின் இனமான அகேட் கல்துண்டு ஒன்றில் அதே மணலோடு அரை மணி நேரம் சுற்றவிடுங்கள். மங்கிய புள்ளி ஒன்றுதான் விழும், கம்பி குட்டையாகியிருக்கும். கம்பியின் நீளத்தை முன்னும் பின்னும் அளந்து பலகையில் எழுதி வையுங்கள். நேரமிருந்தால் நான்காவதாகக் கார்போரண்டம் (சிலிக்கன் கார்பைடு) பொடியோடு அகேட்டைத் தொடருங்கள், வித்தியாசம் தெரியும்.

மூன்று கல்லுக்கும் நீர் தொடர்ந்து சொட்டட்டும். சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். கம்பாத் அகேட் தொழிலாளர்களைப் பெரிதும் வாட்டும் நோய் அது, பிள்ளைகள் முன் உலர் துளைப்பு கூடவே கூடாது. முடிந்ததும் சேற்றை ஈரமாக இருக்கும்போதே துணியில் வழித்து எடுத்துவிடுங்கள், காயவிட்டுப் பெருக்காதீர்கள்.